மின்னி மறையும் ஒளியும் வலிப்பு நோயும்



காக்காய் வலிப்பு என்ற பெயரை நம் தோட்டங்களில் அறியாதவர் இல்லை. இழுப்பு என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சந்தான் காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் காக்கையின் பெயரை வைத்தோம். மலாய்க்காரர்களின் பழைய வழக்கில் பன்றியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. சீனர் பேச்சில் ஆடு வருகிறது. மூன்று இனத்தாரும் சொல்லி வைத்தாற்போல், மனிதனுக்கு வரும் நோய்க்கு விலங்கையும் பறவையையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்! இந்நோய் மூளையைச் சேர்ந்தது என்பதை மனிதன் எவ்வாறு கண்டான், ஒளிக்கும் இதற்கும் உள்ள உறவு எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இன்று பார்ப்போம்.

பாபிலோனியர் களிமண் பலகைகளில் எழுதி வைத்த மருத்துவக் குறிப்புகளிலேயே இந்நோயின் அடையாளங்கள் காணப்படுகின்றன. ஆவி பிடித்ததால் வருவது என்பது அவர்கள் முடிவு. இந்தியாவில் சரக சங்கிதை இதனை அபஸ்மாரம் என்று அழைத்தது. நினைவு அழிதல் என்பது அதன் பொருள். தமிழில் முயலகன் நோய் என்ற பெயரும் இருந்தது. நடராசப் பெருமானின் திருவடியின் கீழே சிறிய உருவம் ஒன்று கிடக்கிறதே, அவன்தான் முயலகன். கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகள் முயலகன் நோயால் துன்புற்றதையும், திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடி அதனைத் தீர்த்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. அரசன் மகளுக்கும் வந்த நோய் இது என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் இதற்குப் புனித நோய் என்று பெயர். தெய்வம் தருவது என்று நம்பினார்கள். ஹிப்போகிராட்டிசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று இதனை மறுத்தது. மற்ற நோய்களைவிட இது எவ்வகையிலும் புனிதமானதன்று, இதன் பிறப்பிடம் மூளை என்று அது வாதாடியது. ஆடுகளுக்கும் இந்நோய் வருகிறது, அவற்றின் தலையைத் திறந்து பாருங்கள், கெட்டிருப்பது மூளை என்று தெரியும் என்றும் அந்நூல் சொல்கிறது. காரணத்தைத் தேடு, கண்ணால் பார் என்று அவ்வளவு பழங்காலத்திலேயே சொன்ன துணிவை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அத்தனை ஆண்டுகள் கழிந்தும் நம்மிடையே என்ன நடக்கிறது? ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இல்லையென்றால் பால் வெட்டும் கத்தி! இரும்பைக் கண்டு ஓடுவதற்கு அங்கே பேய் எதுவும் இல்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் இரும்பு கொடுத்தவர் பெயர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். கத்தியைக் கையில் திணித்தால் காயம்தான் மிஞ்சும். செய்ய வேண்டியது வேறு. அருகில் உள்ள கூரான பொருள்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ வேண்டாம். உதறல் அடங்கியதும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, நினைவு தெளியும்வரை கூடவே இருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ 999 என்ற எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

இனி ஒளியின் கதைக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்று லிபியா என்று வழங்கும் நாட்டில் சப்ராத்தா என்ற ஊரில் ஒரு வழக்கு நடந்தது. அப்புலேயுஸ் என்ற எழுத்தாளர் செல்வம் மிக்க ஒரு கைம்பெண்ணை மணந்தார். அவர் மந்திரவாதி என்று பெண்ணின் உறவினர் குற்றம் சாட்டினர். அவர் மந்திரம் போட்டதால்தான் ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்தச் சிறுவன் வலிப்பு நோயாளி, அவனை விழவைக்க மந்திரம் எதற்கு, சுழலும் குயவன் சக்கரத்தைப் பார்த்தாலே இத்தகையவர்கள் விழுந்துவிடுவார்களே என்ற பொருளில் அவர் எதிர்வாதம் செய்தார். கண்ணால் காண்பது வலிப்பைத் தூண்டக்கூடும் என்ற கருத்தைப் பழைய ஏடுகளில் காணும் இடம் இது.

அதன் காரணத்தைச் சொல்ல நெடுங்காலம் பிடித்தது. 1873-இல் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென்று அளவுக்கு மீறி எழும் பாய்ச்சலே வலிப்பு என்று விளக்கினார். 1924-இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையில் எழும் மின்அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூசும் அதனை உறுதிப்படுத்தியதோடு, கண்ணெதிரே ஒளி விட்டு விட்டு மின்னினால் மூளையின் அலைகளும் அதே தாளத்தில் எழுவதைக் கண்டார்கள். 1946-இல் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டரும் துணைவர்களும், மின்னும் விளக்கைக் கொண்டு வலிப்பு நோயாளிகளைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் மருத்துவமனையில் மூளையின் மின்அலைகளைப் பதிவு செய்யும்போது அத்தகைய விளக்கைக் காட்டுகிறார்கள்.

நேயர்கள் இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலிப்பு உள்ள எல்லாருக்கும் ஒளி பகையன்று. 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் இந்த ஒளிக் கூச்சம் உண்டு. அவர்களில் சிறுவர்களும் இளைஞர்களும் மிகுதி. வினாடிக்கு 3 முதல் 30 முறைவரை மின்னும் ஒளி அவர்களைத் தாக்கக்கூடும். மின்விளக்கு ஒன்றுதான் என்பதில்லை, வெயிலும் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. சாலையோரத்து ரப்பர் நிரையில் 3 மீட்டருக்கு ஒரு மரம் நின்றால், காலை வெயில் வினாடிக்கு 5, 6 முறை கண்ணில் அடித்து அடித்து மறையும். கணக்கு சரிதானா என்று பள்ளிப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்.

1963-இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி தொடங்கியது. தோட்டங்களில் பெட்டி வைத்திருந்த வீட்டில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கூடி, பெட்டியை முட்டுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்துப் பெட்டியில் படம் கோடு கோடாக எழுதப்பட்டது. மிக அருகில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் கோடுகள் வினாடிக்கு 25 முறை துடித்தன. பர்மிங்காம் நகரில் ஜீவன்ஸ், ஹார்டிங் என்ற இருவர் இத்தகைய நோயாளிகள் பலரை ஆராய்ந்து 1975-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். தள்ளி உட்காருங்கள், அறையில் விளக்கை எரியவிட்டுப் பாருங்கள், திடீரென்று ஒளி மின்னினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடிக்கொள்ளுங்கள் என்பவை அங்கிருந்து வந்த அறிவுரைகள். ஒரு கண் ஏன்? இரு கண் வழியாகவும் ஒளி புகும்போதுதான் மூளை பெரிதும் கிளர்ச்சி அடைகிறது. வெறுமனே இமைகளை மூடினால் பயனில்லை. மெல்லிய இமைகளை ஊடுருவி ஒளி செந்நிறமாக உள்ளே புகும், அது இன்னும் கெடுதல்.

இன்றைய தட்டைத் திரைகளில் அந்தக் கோட்டுத் துடிப்பு இல்லை. ஆனால் காட்சியே மின்னினால் என்ன செய்வது? 1993-இல் இங்கிலாந்தில் நூடல்ஸ் விளம்பரம் ஒன்று சிலருக்கு வலிப்பை உண்டாக்கியது. அதன் பயனாக அங்கே ஒளிபரப்புக்கு விதிகள் வகுக்கப்பட்டன.

உலகமே திடுக்கிட்டது 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள். ஜப்பானில் அன்று மாலை 6.30 மணிக்குப் போக்கிமோன் என்ற கேலிச்சித்திரத் தொடர் ஒளிபரப்பானது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து, ஏவுகணைகளை மின்னல் தாக்கும் காட்சி வந்தது. சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை மாறி மாறி மின்னின. சில வினாடிகள்தாம்! ஊர்கள் தோறும் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கினார்கள், சிலர் வலிப்பு வந்து துடித்தார்கள். 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அன்றிரவு செய்தியில் அதே காட்சியை மறுபடி காட்டப் போய், மேலும் சிலர் பாதிக்கப்பட்டதுதான் கொடுமை. பெரும்பாலோர் விரைவில் தேறினர். ஆராய்ந்தபோது, வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்குமுன் அந்நோய் இருந்ததே தெரியாது என்று வெளிப்பட்டது. தொடர் 4 மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பகுதி மறுபடி ஒளிபரப்பப்படவே இல்லை.

வினாடிக்கு 3 முறைக்கு மேல் மின்னும் காட்சி வேண்டாம், அடர்சிவப்பு மின்னலில் மேலும் கவனம் வேண்டும் என்ற அளவில் இன்று பல நாடுகளில் நெறிமுறைகள் உள்ளன. ஆயினும் தவறுகள் நின்றபாடில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக் சின்னத்தை 2007-இல் அறிமுகம் செய்த படத்திலேயே ஒரு காட்சி சிலருக்கு வலிப்பை உண்டாக்கியதால் நீக்கப்பட்டது. நோயாளி என்று தெரிந்தே மின்னும் படங்களைக் கைப்பேசியில் அனுப்பித் துன்புறுத்தும் கொடியவர்களும் தோன்றினார்கள். 2023-இல் பிரிட்டன் அதனைச் சட்டப்படி குற்றமாக்கியது.

மருந்தின் வரலாறும் சிறிது உண்டு. 1857-இல் புரோமைடு உப்பு, 1912-இல் பீனோபார்பிட்டால், 1938-இல் பெனிட்டோயின் என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பு நோய் 1999-இல் நீக்கப்பட்டது. அந்தச் செய்தி நம் தோட்டங்களில் சம்பந்தம் பேசுகிற பெரியவர்களுக்கு இன்னும் எட்டவில்லை போலும். டாக்டர் கொடுத்த மாத்திரையை, வலிப்புதான் வரவில்லையே என்று நாமாக நிறுத்துவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக வரக்கூடும். மருந்து உண்ணும் பிள்ளை ஆற்றில் தனியே குளிக்க வேண்டாம், மரம் ஏற வேண்டாம். பள்ளிக்கு மட்டும் தவறாமல் வரட்டும். என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

திருமண மண்டபத்திலும் திருவிழா மேடையிலும் பளிச்சுப் பளிச்சென்று மின்னும் விளக்குகளை இப்போது வாடகைக்கு எடுத்துக் கட்டுகிறார்கள். வேகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் அவற்றில் விசை உண்டு. விளக்குக் கட்ட வருகிறவரிடம் கேட்டால் காட்டுவார். ஜப்பானில் 1997-க்குப் பிறகு, பிள்ளைகளுக்கான கேலிச்சித்திரங்கள் தொடங்குமுன் திரையில் ஒரு வரி வரும். அறையை வெளிச்சமாக வைத்துக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்பதே அது.