கைக்குள்ளா, கூடத்திலா? ஒரு சண்டை விளையாட்டின் இரண்டு பதிப்புகள்

சண்டை விளையாட்டு வாங்குகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "என் எதிராளி எங்கே உட்காரப் போகிறார்?" என்பதுதான். படம் எவ்வளவு தெளிவு, எத்தனை வீரர்கள், விலை என்ன என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பள்ளியில் படித்தபோது மாமா ஒரு பழைய நின்டெண்டோ 3டிஎஸ் கருவியைக் கொடுத்தார். அதோடு "சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்" கார்ட்ரிட்ஜும் இருந்தது. இரண்டு வருடம் அதைப் பைத்தியமாக விளையாடினேன். ஆனால் பாருங்கள், அந்த இரண்டு வருடத்தில் எதிரே ஒரு மனிதரைக்கூட நான் அடித்ததில்லை! எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அந்தக் கருவி கிடையாது. முழுக்க முழுக்கக் கருவியோடுதான் சண்டை. பிறகுதான், இதே விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கும் கருவிக்கும் தனியாக வந்திருந்தது என்று தெரிந்தது. எதை வாங்குவது என்று 2014இல் உலகம் முழுக்கப் பல பேர் குழம்பியிருக்கிறார்கள். அந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் நீளமான வரலாறு உண்டு.

1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" விளையாட்டை வெளியிட்டது. அப்போது அது விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி. இருவர் தோளோடு தோள் உரச நின்று ஒரே திரையைப் பார்த்து மோதிக்கொள்வார்கள். ஆளுக்கு ஆறு பொத்தான்கள். மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. மெதுவானது, நடுத்தரம், பலமானது என்று ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. மெதுவான குத்து சட்டென்று போய்த் திரும்பும், வலி குறைவு. பலமான குத்து நன்றாக வலிக்கும், ஆனால் கை திரும்ப நேரமாகும், அதற்குள் எதிராளி புகுந்துவிடுவார். எந்த நொடியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் ஆட்டமே.

1992இல் இது சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தது. அந்தக் கருவியின் கைப்பிடியில் சரியாக ஆறு பொத்தான்கள் இருந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். முகப்பில் நான்கு, தோள்பட்டையில் இரண்டு. பெட்டியின் ஆட்டம் ஏறக்குறைய அப்படியே வீட்டுக்கு வந்தது. கேப்காமின் கணக்குப்படி இந்த ஒரு பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றது.

மூன்று வருடம் கழித்து, 1995இல், கேம் பாய் பதிப்பு வந்தது. கேம் பாயில் அடிக்க இரண்டே பொத்தான்கள். திரை 160க்கு 144 புள்ளிகள், நிறம் என்று பார்த்தால் நான்கு சாயைகள். ஆறு பொத்தானை இரண்டில் எப்படி அடக்குவது? எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்கள் என்பதை வைத்து அடியின் பலத்தைத் தீர்மானித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிவாகும் சண்டையில், "கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி" என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வீரர்களில் மூன்று பேரையும் நீக்கிவிட்டார்கள். சுமோ வீரர் ஹோண்டா, முகமூடியும் இரும்பு நகமும் அணிந்த வேகா, பிறகு நம் நாட்டுக்காரர், கை கால்களை ரப்பர் போல நீட்டும் யோகி தல்சிம்! அந்தச் சின்னத் திரையில் அவர் காலை நீட்ட எங்கே இடம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சூப்பர் நின்டெண்டோவில் நண்பர் வந்தால் இன்னொரு கைப்பிடியைக் கொடுத்தால் போதும். கேம் பாயில் நண்பரிடமும் ஒரு கேம் பாய், ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டும், இரண்டையும் இணைக்க ஒரு கம்பியும் வேண்டும். வீட்டுக் கருவியில் எதிராளி கிட்டத்தட்ட இலவசம். கைக்கருவியில் எதிராளியின் விலையும் உங்கள் விலையும் ஒன்று. பத்திரிகைகள் அன்று நிறத்தையும் ஒலியையும் வைத்துத்தான் பதிப்புகளை ஒப்பிட்டன என்றாலும், எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

இடையில் 1993 செப்டம்பர் 13 அன்று ஒரு கூத்து நடந்தது. "மோர்ட்டல் காம்பாட்" விளையாட்டை ஒரே நாளில் செகா ஜெனிசிஸ், சூப்பர் நின்டெண்டோ என்ற இரண்டு வீட்டுக் கருவிகளுக்கும், கேம் பாய், கேம் கியர் என்ற இரண்டு கைக்கருவிகளுக்கும் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். நான்கும் நான்கு விதம். நின்டெண்டோ கருவிகளில் இரத்தம் இல்லை, செகா கருவிகளில் இரகசியக் குறியீட்டை அழுத்தினால் இரத்தம் வரும். கேம் பாயில் ஜானி கேஜ் காணோம், கேம் கியரில் கானோ காணோம். பெயர் ஒன்றுதான், ஆனால் எந்தக் கடைப் பெட்டியைத் தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறு விளையாட்டு!

கைக்கருவி எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்.என்.கே. நிறுவனம் 1998இல் நியோ ஜியோ பாக்கெட் என்ற சொந்தக் கைக்கருவியைக் கொண்டுவந்தது. அதிலும் இரண்டே பொத்தான்கள்தான். ஆனால் அவர்கள் பெரிய ஆட்டத்தைப் பிழிந்து உள்ளே திணிக்கவில்லை. பெரிய தலையும் குட்டி உடலுமாக வீரர்களைப் புதிதாக வரைந்து, இரண்டு பொத்தானுக்கென்றே சண்டையை அமைத்தார்கள். "கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்" வரிசையின் சிறிய பதிப்புகளும், கேப்காம் வீரர்களோடு மோதும் 1999ஆம் ஆண்டு விளையாட்டும் இன்றும் ரசிகர்கள் தேடும் பொருட்கள். பாவம், கருவிதான் சந்தையில் நிலைக்கவில்லை.

2006இல் நிலைமை ஒருமுறை தலைகீழாகவே ஆனது. "டெக்கன் 5" பிளேஸ்டேஷன் 2க்கு வந்திருந்தது. அதன் மேம்பட்ட வடிவமான "டார்க் ரிசரெக்ஷன்" கூடங்களில் ஓடிக்கொண்டிருந்தது, லிலி, டிராகுனோவ் என்ற புதியவர்களோடு. அது வீட்டுத் தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்பே பிஎஸ்பி கைக்கருவிக்கு வந்துவிட்டது. அந்தச் சில மாதங்கள், புதிய டெக்கன் வேண்டும் என்றால் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இப்போது 2014க்கு வருவோம். "ஸ்மாஷ்" சற்று வேறு மாதிரியான சண்டை விளையாட்டு. அடிபட அடிபட உங்கள் சேத சதவீதம் ஏறும். ஏற ஏற நீங்கள் இலேசாகிவிடுவீர்கள், கடைசியில் ஒரே அடியில் திரைக்கு வெளியே பறப்பீர்கள். நான்கு பேர் ஒன்றாக ஆடலாம். 1999, 2001, 2008 என்று மூன்று முறை வந்தபோதும் வீட்டுக் கருவியில் மட்டுமே வந்தது. சோபாவில் நான்கு பேர் இடித்துக்கொண்டு ஆடும் ஆட்டம் என்பதே அதன் அடையாளம். இயக்குநர் மசாஹிரோ சகுராய் நான்காவது முறை 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் ஒரே சமயத்தில் செய்யத் துணிந்தார். 3டிஎஸ் பதிப்பு ஜப்பானில் செப்டம்பர் 13 அன்றும் மேலை நாடுகளில் அக்டோபர் 3 அன்றும் வந்தது. வீ யூ பதிப்பு அமெரிக்காவில் நவம்பர் 21, ஜப்பானில் டிசம்பர் 6.

சகுராய் வகுத்துக்கொண்ட விதி ஒன்றுதான் இந்தக் கதையின் மையம். இரண்டு பதிப்பிலும் வீரர்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும். சண்டை நொடிக்கு 60 சட்டங்களில் ஓட வேண்டும், அதுவும் 3டிஎஸ்ஸின் சின்ன மூளையில், முப்பரிமாணத் திரையில்! அதற்காக என்னென்னவோ செய்தார்கள். உதவிக்கு வரும் சில உருவங்களை 30 சட்டங்களில் ஓடவிட்டார்கள். சின்னத் திரையில் ஆள் எங்கே என்று தெரிய, வீரர்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு வரைந்தார்கள். பழைய 3டிஎஸ்ஸில் இந்த விளையாட்டை விட்டு வெளியே வந்தால் கருவியே ஒருமுறை அணைந்து மீண்டும் எழும். நினைவகத்தை ஒட்டச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். (என் கருவி கெட்டுவிட்டது என்று முதல் நாள் நான் பயந்தது இதனால்தான்.)

அப்படியும் ஓர் இடத்தில் முடியவில்லை. ஐஸ் கிளைம்பர்ஸ் என்ற பனிமலை ஏறும் சிறுவனும் சிறுமியும் 2001 முதல் இந்த விளையாட்டில் இருந்தவர்கள். இருவர் சேர்ந்துதான் ஒரு வீரர். நான்கு பேரும் அவர்களையே எடுத்தால் திரையில் எட்டு உருவங்கள். வீ யூவில் அவர்கள் இயங்கினார்கள், 3டிஎஸ்ஸில் இயங்கவில்லை, அதனால் இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டோம் என்று சகுராயே சொன்னார். செல்டா சண்டைக்கு நடுவில் ஷீக்காக மாறும் வித்தையும் அதே காரணத்தால் போனது, இருவரும் தனித்தனி வீரர்கள் ஆனார்கள். அதாவது வீ யூ மட்டும் வாங்கி, 3டிஎஸ்ஸைத் தொட்டே பார்க்காதவரும் 3டிஎஸ்ஸின் விலையைக் கொடுத்தார். ரசிகர்கள் கொதித்தது நியாயம்தான். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? 1995 கேம் பாய்தான் மீண்டும் நடந்திருக்கும். வீட்டில் ஆடுபவருக்கு முழு விளையாட்டு, கையில் ஆடுபவருக்கு மிச்சம் மீதி. என் கையில் இருந்தது மிச்சம் மீதிதான் என்று நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. அதற்கு அந்தப் பனிமலைப் பிள்ளைகள் இருவரும் பலியாக வேண்டியிருந்தது. சகுராய் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் 3டிஎஸ் கட்சி, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்!

வீரர்கள் ஒன்று, மற்றவை வேறு. வீ யூவில் எட்டுப் பேர் ஒரே திரையில் மோதலாம். பழைய கேம்கியூப் கைப்பிடிகளை இணைக்க ஒரு துணைக்கருவியும் அதோடு வந்தது. 3டிஎஸ்ஸில் "ஸ்மாஷ் ரன்" என்று ஐந்து நிமிடம் தனியாக ஓடி பலம் சேர்த்துப் பிறகு மோதும் ஆட்டம் இருந்தது. பயணத்துக்கு அருமை. ஆனால் நால்வர் மோத நான்கு கருவிகள், நான்கு கார்ட்ரிட்ஜ்கள். ஒரு கார்ட்ரிட்ஜைப் பகிர வழியே கிடையாது. கேம் பாய் காலத்திலிருந்து கம்பி மட்டும்தான் போயிருந்தது.

போட்டியாளர்களுக்கு இந்தத் தேர்வில் குழப்பமே இல்லை. வீ யூ பதிப்பு வரும்வரை 3டிஎஸ்ஸில் போட்டி நடத்தினார்கள், வந்ததும் அங்கே தாவிவிட்டார்கள். 2015 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியில் வீ யூ பதிப்புக்கு மட்டும் 1900க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள்.

விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 3டிஎஸ் பதிப்பு 90 லட்சத்துக்கு மேல், வீ யூ பதிப்பு 50 லட்சத்துக்கு மேல். கைக்கருவி ஜெயித்ததுபோல் தெரியும். ஆனால் 3டிஎஸ் கருவிகள் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றவை, வீ யூ ஒன்றேகால் கோடியைச் சற்றுத் தாண்டியதோடு சரி. வகுத்துப் பாருங்கள். 3டிஎஸ் வைத்திருந்தவர்களில் சுமார் எட்டில் ஒருவர் ஸ்மாஷ் வாங்கினார். வீ யூ வைத்திருந்தவர்களில் ஐந்துக்கு ஏறக்குறைய இருவர்! சோபா இருந்தவர்கள் அதற்காகவே வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டையும் வாங்கியவர்களும் உண்டு. நின்டெண்டோவும் அதைத்தான் விரும்பியது. மேலை நாடுகளில் இரண்டையும் பதிவு செய்தவர்களுக்கு மியூட்டூ என்ற கூடுதல் வீரரை இலவசமாகக் கொடுத்தது. 3டிஎஸ்ஸையே வீ யூவுக்குக் கைப்பிடியாகப் பயன்படுத்தவும் வழி செய்தது. பின்னால் காசுக்கு விற்ற வீரர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூ, 2015 ஜூனில். கேம் பாயில் நான்கு சாயையில் நின்ற அதே ரியூ.

பிறகு 2017இல் ஸ்விட்ச் வந்தது. தொலைக்காட்சியில் செருகினால் வீட்டுக் கருவி, உருவினால் கைக்கருவி. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு துண்டுகளையும் கழற்றி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் இருவர் ஆடலாம். கைக்கருவியோடு ஓர் எதிராளிக்கும் இடம் சேர்ந்தே வந்தது! 2018 டிசம்பர் 7 அன்று வந்த "ஸ்மாஷ் அல்டிமேட்"டில் ஐஸ் கிளைம்பர்ஸ் திரும்பி வந்தார்கள். அது 3 கோடிக்கும் மேல் விற்றது. எந்தப் பதிப்பு வாங்குவது என்று கேட்க ஆளில்லை, ஒன்றுதானே இருந்தது.

பழைய இரண்டும் இன்று எப்படி இருக்கின்றன? 2023 மார்ச்சில் இரண்டு கருவிகளின் இணையக் கடைகளிலும் விற்பனை நின்றது, ரியூவை இனிப் புதிதாக வாங்க முடியாது. 2024 ஏப்ரலில் இணையவழி ஆட்டமும் நின்றது. வீ யூ பதிப்பில் இன்றும் எட்டுப் பேரை ஓர் அறையில் உட்காரவைக்கலாம். 3டிஎஸ்ஸில் இரண்டாவது ஆள், இரண்டாவது கருவி, இரண்டாவது கார்ட்ரிட்ஜ் மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும்.

போன மாதம் எங்கள் விடுதியில் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் பையிலிருந்து நீல நிற 3டிஎஸ் ஒன்றை எடுத்தான். கார்ட்ரிட்ஜும் வைத்திருந்தான். ஊரிலிருந்து என்னுடையதை வரவழைத்தேன். முதல் ஆட்டம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை, தோற்றுவிட்டேன்.