வலிக்கும் இடம் ஒன்று, நோயின் இடம் வேறு

விடைத்தாள் திருத்தி முடித்த இரவில் தோட்பட்டை எலும்போரம் குத்தி வலிப்பது ஆசிரியர்களான நமக்குப் புதிதல்ல. தைலம் பூசுவோம், வாய்வு என்போம். சிலவேளை மாரடைப்போ என்றும் பயப்படுவோம். ஆனால் கோளாறு கழுத்திலும் இருக்கலாம். இதை மனிதன் கண்டுபிடித்த வரலாறு நீண்டது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டு, ரோம் நகரம். சிரியாவிலிருந்து வந்த பௌசானியஸ் என்ற அறிஞருக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் நடுவிரலில் பாதியும் மரத்துப் போயின. வைத்தியர்கள் விரல்களுக்கே மருந்து போட்டார்கள், பலனில்லை. கேலன் என்ற வைத்தியரோ, முன்பு எங்காவது அடிபட்டதா என்று விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்து மேல்முதுகு அடிபட்ட கதை வெளிவந்தது. விரல்களுக்குப் போகும் நரம்பு முள்ளந்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் மருந்திட்டார். நோயாளி குணமடைந்தார். பின்னர் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரது மாணவர்களும் கேலனின் நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்தனர்.

நரம்பு தெரிந்தது. அதை நசுக்குவது எது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. முள்ளந்தண்டுக்குள் கண்ட சிறு துண்டுகளைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கட்டி என்றே நினைத்து அகற்றினார்கள். 1934இல் பொஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும், அவற்றில் பல முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள தட்டிலிருந்து பிதுங்கி வந்தவை என்று காட்டினார்கள்.

1943இல் மெம்பிஸ் நகரின் செம்ஸ், மர்பி இருவரும் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் வலி இருதய நோய் போலவே இருந்தது. உண்மையில் கழுத்தின் ஆறாவது தட்டு கிழிந்து ஏழாவது நரம்பு வேரை அழுத்தியிருந்தது. அடுத்த ஆண்டே ஸ்பர்லிங், ஸ்கோவில் இருவரும் தோள், கை வலிக்கு இது ஒரு பொதுவான காரணம் என்றார்கள். தலையைச் சாய்த்து மெல்ல அழுத்திப் பார்க்கும் ஸ்பர்லிங்கின் பரிசோதனையை வைத்தியர்கள் இன்றும் செய்கிறார்கள். வீட்டில் நாமே செய்து பார்க்கக் கூடாது.

இந்த வரலாற்றைத் தலைகீழாக விளங்கிக்கொள்ளவும் வேண்டாம். நெஞ்சு வலித்து, வியர்த்து, மூச்சு முட்டினால் "கழுத்துதான்" என்று வீட்டில் இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போவோம். இருதயத்தில் குறையில்லை என்ற பிறகும் வலி நீடித்தால், விரல் மரத்தால், கை பலமிழந்தால், கழுத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்போம். பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே குணமாகிறது.

வைத்தியரிடம் போகும்போது பழைய விழுகையையும் அடியையும் மறக்காமல் சொல்வோம். பௌசானியஸிடம் கேலன் கேட்டுத்தான் அது வெளியே வந்தது.