முதலில் நெல், பிறகு மீன்

எங்கள் அகரத்துக்கு ஆறு என்றால் குடகனாறுதான். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. ஐப்பசியில் தண்ணீர் வந்தால் பெரியவர்களுக்கு வயல் நினைப்பு. எங்களுக்கு மீன் நினைப்பு.

ஒருநாள் நாங்கள் நாலைந்து பையன்கள் வாய்க்காலைச் சேறு வைத்து அடைத்து, தண்ணீரை இறைத்துக் கெளுத்தி பிடித்தோம். தாத்தா கம்போடு வந்துவிட்டார். "கடைமடைக்காரன் வயிறு எரியும்டா" என்றார். அடி மறந்துவிட்டது, அந்தச் சொல் மறக்கவில்லை.

தாத்தா சொன்னது ஊர் முறை. சாணார்பட்டி, நத்தம் பக்கத்துக் கண்மாய்களில் இன்றும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. எப்போது? அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது. விடியற்காலையில் சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலையோடு எல்லோரும் இறங்குவார்கள். பிடித்ததை விற்பதில்லை, வீட்டில்தான் குழம்பு. வயலுக்குப் பாய்ந்தது போக மிஞ்சிய தண்ணீரில்தான் கொண்டாட்டம்.

பழைய கல்வெட்டுகளில் 'பாசிபாட்டம்' என்று ஒரு வரி வருகிறது. ஏரி மீனுக்கான வரி அது. அந்த வருமானத்தை ஏரியைத் தூர்வாரிக் கரை கட்டச் செலவிட்டிருக்கிறார்கள். மீன் ஏரியைக் காத்தது, ஏரி நெல்லைக் காத்தது.

கொடைக்கானல் ஏரியின் கதை வேறு. 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்தது. படகு விடவும் தூண்டில் போடவும் மலைமேல் ஒரு ஏரி. அங்கே யாரும் நாற்று நட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. கீழே நம் கண்மாய் அப்படியல்ல.

பிற்காலத்தில் மீன்பாசிக் குத்தகை ஏலத்துக்கு வந்தது. என் மாமா ஊரில் ஒரு வருஷம், நெல் பால் பிடிக்கும் நேரத்தில் இரவோடு இரவாக மடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்தால்தானே மீனை எளிதாக அள்ளலாம்! மாமா அந்தப் போகத்தில் பதரைத்தான் தூற்றினார். குத்தகைப் பணத்தில் ஒரு கூடை மண்கூடக் கண்மாய்க் கரைக்குப் போகவில்லை.

குத்தகை தப்பு என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் எந்த அளவுக்கு இறங்கிய பிறகு வலை போடலாம் என்பதை ஆயக்கட்டுக்காரர்களை வைத்து முடிவு செய்யட்டும். வரும் பணத்தில் ஒரு பங்கு கரைக்குப் போகட்டும். நம் முன்னோர் செய்ததுதானே?

பேரனுக்குத் தூண்டில் கட்டிக் கொடுக்க எனக்கும் ஆசைதான். கடைமடை வயல் நனைந்த பிறகு.