யாழ்க் கைவினையும் திவவின் பொருளும்

யாழைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இரு நிகழ்ச்சிகள் அடிப்படை வகுத்தன. ஒன்று, 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தமை. மற்றொன்று, விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் 1947ஆம் ஆண்டில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியமை. இவற்றின் பயனாகப் பண்ணும் பாலையும் விரிவாக ஆராயப்பட்டன. எனினும், அக்கருவியைக் கையால் ஆக்கிய முறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆக்கிய முறையை அறிந்தாலன்றித் திவவு என்னும் உறுப்பின் பொருள் தெளிவுறாது என்பதனை ஈண்டுக் காட்ட முயல்வாம்.

யாழ் வகையுள் மிக எளியது வில்யாழ். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயனைக் காட்டுகின்றார். அவன் தீக்கடைகோலாற் பெற்ற கொள்ளியைக் கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கின்றான். குழலிசை சலித்தபின், உட்டுளை பொருந்திய குமிழங்கொம்பினை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகத் தொடுத்து மீட்டுகின்றான். பறவைகள் அவ்வோசையைத் தம் இனத்தின் குரலெனக் கருதிச் செவிசாய்க்கின்றன. கொம்பும் நாரும் காட்டில் கிடைப்பன, செய்தவனே இசைப்பவனுமாகின்றான். இவ்வொருமை நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

பாணர் கைக்கொண்ட பேரியாழ் இதனினும் நுட்பமானது. அதன் உறுப்புக்களைப் பெருங்கௌசிகனார் மலைபடுகடாத்தில் அடைவுபடக் கூறுகின்றார். குரலென்னும் சுரத்தைச் செவியால் ஓர்ந்து நரம்பு தொடுத்தல், குற்றம் நீங்க உருவுதல், வரகுக் கதிரை உவமையாகப் பெறும் நுண்துளைகளை அமைத்தல், பத்தரைப் பசையிட்டுச் சேர்த்தல், துளை செறிய ஆணி முடுக்குதல், தந்தத்தால் யாப்பமைத்தல், பொன்னிறத் தோலைப் புதிதாகப் போர்த்தல் என்பன அவர் கூறும் தொழில்கள். மருப்பு நுண்ணிய அரத்தால் அராவப்பட்டுக் களாப்பழ நிறம் பெற்றது என்றும் குறிக்கின்றார். பசையும் அரமும் ஆணியும் பேசப்படுதலின், தொழில் நடக்கும் இடத்தை நேரிற் கண்டார் கூற்றாகவே இது தோன்றுகின்றது.

பொருநராற்றுப்படையின் உவமைகளும் அத்தகையனவே. மான்குளம்பு பதிந்த சுவட்டினைப் போல இருபுறமும் தாழ்ந்து நடுவுயர்ந்த பத்தர், நண்டின் கண்ணை ஒத்த ஆணி, எட்டாம் நாட் பிறையை ஒத்த வறுவாய், படமெடுத்த பாம்பினை ஒத்த மருப்பு என்பவை அணிநலத்திற்காக மட்டும் கூறப்பட்டனவல்ல. வடிவும் அளவும் உணர்த்துவன.

இனித் திவவினை ஆராய்வாம். உரையாசிரியர் இதற்கு வார்க்கட்டு என்று பொருள் கூறினர். வீணையின் மெட்டுப் போன்றதெனக் கொள்வாரும் உளர். வளைந்த மருப்பிலிருந்து பத்தருக்குச் செல்லும் யாழ் நரம்பு வெளியில் தனித்து நிற்பது. அதன் கீழ் விரலால் அழுத்துதற்குரிய தண்டு இல்லை. ஆகவே மெட்டிற்கு அங்கு இடமில்லை. மேலும், பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் திவவினை மகளிர் முன்கைத் தொடிக்கு ஒப்பிடுகின்றன. பின்னது அதனை நெகிழவும் இறுகவும் வல்லது என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. நெகிழ்தலும் இறுகுதலும் மெட்டிற்கு இல்லை, கட்டிற்கே உண்டு. எனவே, நரம்பை மருப்பில் பிணித்துச் சுருதி கூட்டவும் குறைக்கவும் உதவிய வார்க்கட்டே திவவு என்பது துணிபு.

இதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. மியன்மாவின் சௌங் என்னும் வளைவு யாழில் நரம்புகள் சிவந்த பருத்திக் கயிறுகளால் வளைகொம்பில் கட்டப்பட்டிருக்கும். அக்கட்டுக்களைத் திருகியும் நகர்த்தியும் சுருதி சேர்ப்பது பழைய வழக்கம். நம் நூல்கள் உவமையால் உணர்த்தியதனை அங்குக் கண்ணாற் காணலாம்.

வீணையோடு ஒப்பிட்டால் வேறுபாடு மேலும் விளங்கும். தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆவது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் 24 மெட்டுக்களைத் தொழிலாளர் செவியால் அளந்து மெழுகில் பதிக்கின்றனர். சுரத்தானங்கள் செய்வோன் கையிலேயே முடிந்துவிடுகின்றன. நரம்பின் சுருதியைப் பிரடையால் கூட்டுவதே இசைப்போன் பணி. யாழிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் தனி நரம்பு உண்டு. பாலை திரியுந்தோறும் கட்டினை நெகிழ்த்தும் இறுக்கியும் அமைத்தல் இசைப்போன் கடன். ஆயனைப் போலவே பாணனும் ஓரளவு கைவினைஞனாக இருந்தாலன்றி யாழ் இசைக்காது.

அத்தகைய கைப்பழக்கம் தலைமுறை வழியாகவே நிலைபெறும். அது அற்றபோது கருவி மறைந்தது. திவவு என்னும் சொல்லும் ஐயத்திற்கு உரியதாயிற்று. அண்மைக்காலத்தில் யாழை மீண்டும் ஆக்க முயல்வோர் உளர். முறுக்காணி பொருத்திய யாழ் இனிதாக ஒலிக்கலாம். ஆனால் அது பத்துப்பாட்டு கூறும் யாழாகாது. வார்க்கட்டால் நரம்பு பிணித்த யாழொன்றினைச் செய்து, பாலைத்திரிவினை அதன்மேல் ஆய்ந்து பார்த்தல் தமிழாய்வாளர்க்கு உரிய கடமையாகும்.