நிலம் பிளக்கும் விதம்

நிலநடுக்கத்தால் பூமி பிளக்கிறதா, பூமி பிளப்பதால் நிலநடுக்கம் வருகிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இக்கேள்விக்குத் தெளிந்த விடை இருக்கவில்லை. ஆழத்தில் நிகழும் ஏதோ வெடிப்பே நிலத்தை உலுக்குகிறது, மேலே தெரியும் பிளவு அதன் வடு மட்டுமே என்று அறிஞர் பலர் எண்ணினர்.

1891 அக்டோபர் 28 அன்று ஜப்பானின் மினோ-ஒவாரி பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியோ பள்ளத்தாக்கில் மிதோரி என்ற சிற்றூரில் நிலம் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்துக்குப் படிபோல் எழுந்து நின்றது. அதை ஆராய்ந்த டோக்கியோப் பேராசிரியர் புன்ஜிரோ கோட்டோ, பிளவே காரணம், நடுக்கம் அதன் விளைவு என்றார். காரண காரிய வரிசையையே தலைகீழாக்கிய கூற்று அது. மிதோரியின் அந்தப் படி விதிவிலக்கு என்பதையும் சொல்லவேண்டும். அப்பிளவு நெடுகிலும் நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நகர்ந்திருந்தது.

ஒரு பிளவு ஏன் மேலும் கீழுமாகவும், மற்றொன்று பக்கவாட்டிலும் நகரவேண்டும்? 1905இல் ஸ்காட்லாந்தின் எர்னஸ்ட் ஆண்டர்சன் இதற்கு விடை தந்தார். பாறையின் மீதுள்ள தகைவை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் பிரிக்கலாம். தரைக்கு மேலே இருப்பது வெறும் காற்று; அதனால் தரையைப் பக்கவாட்டில் உரசித் தள்ள இயலாது. ஆகவே மூன்றில் ஒரு தகைவு நேர்குத்தாகவே இருந்தாகவேண்டும். மூன்றில் எது குத்தாக நிற்கிறது என்பதே பிளவின் வகையைத் தீர்மானிக்கிறது.

பாறையின் எடை தரும் குத்துத் தகைவே மிகப்பெரியதானால், நிலம் பக்கங்களில் விரிகிறது; பிளவுத் தளத்தின் மேல் சாய்ந்திருக்கும் பாறை கீழே சரிகிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும்பள்ளத்தாக்கு இவ்வகை. குத்துத் தகைவு மிகச்சிறியதானால், பக்கங்களிலிருந்து நெருக்குண்ட பாறை மற்றொன்றின் மேல் ஏறுகிறது. இமயத்தின் அடிவாரத்தில் நடப்பது அதுவே. குத்துத் தகைவு இரண்டுக்கும் நடுவில் அமைந்தால், ஏறவும் இறங்கவும் வழியின்றிப் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் விலகுகின்றன.

மூன்றாம் வகையின் கண்கூடான சான்று அடுத்த ஆண்டே கிடைத்தது. 1906 ஏப்ரல் 18 விடியலில் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சுமார் 470 கிலோமீட்டர் நீளத்துக்கு நகர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ இடிந்து, எரிந்தது. பாயின்ட் ரேயஸ் அருகே ஒரு சாலை இரண்டாக வெட்டுண்டு, ஒரு துண்டு மற்றொன்றிலிருந்து ஆறு மீட்டர் தள்ளிக் கிடந்தது. நில அளவைத் துறையின் பழைய, புதிய அளவுகளை ஒப்பிட்ட ஹாரி பீல்டிங் ரீட், பிளவிலிருந்து தொலைவிலுள்ள இடங்கள் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மெல்ல நகரத் தொடங்கியிருந்ததைக் கண்டார். பாறை வில்லைப்போல் வளைந்து விசையைச் சேமிக்கிறது. உராய்வின் பிடி தளரும் கணத்தில் விடுபட்டு நிமிர்கிறது. 1910இல் அவர் வெளியிட்ட இவ்விளக்கம் கோட்டோவின் கூற்றுக்கு அடித்தளமாயிற்று. பாறையை வளைக்கும் கை எது என்பது மட்டும் 1960களில் புவித்தட்டுக் கொள்கை வரும்வரை புலப்படவில்லை.

ரீட் கண்டதில் அச்சமூட்டும் செய்தி ஒன்றுண்டு. இத்தகைய பிளவில் அமைதி என்பது ஓய்வன்று, சேமிப்பு. சான் ஆண்ட்ரியாஸின் தென்கோடிப் பகுதி 300 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. அங்கே பாறை இன்றும் வளைந்துகொண்டிருக்கிறது.