மருந்து பூசிய ஸ்டென்ட்

இதயத் தமனியில் பலூனை விரித்து அடைப்பை நீக்கிய இடம் சில மாதங்களில் மீண்டும் குறுகுவது மறுஅடைப்பு. அதைத் தடுக்கும் மருந்தை அதே இடத்தில் கசியவிடும் உலோக வலைக்குழாயே மருந்து பூசிய ஸ்டென்ட். ஆந்திரியாஸ் குருன்ட்சிக் 1977இல் சூரிச்சில் தொடங்கிய பலூன் சிகிச்சையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அடைப்பு திரும்பியது. வெறும் உலோக ஸ்டென்ட், இரத்தக் குழாய் சுருங்காமல் தாங்கியது. ஆனால் காயம் ஆறும்போது தசைச் செல்கள் பெருகி உட்சுவர் தடிப்பதை அதனால் நிறுத்த முடியவில்லை. அதற்கான மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். காயத்தில் போதிய அளவு சேர, உடல் முழுதும் தாங்காத அளவு கொடுக்க நேரும். எவரோலிமஸ் என்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டிலோ சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் மருந்துதான் இருக்கிறது. செல்கள் வேகமாகப் பெருகும் முதல் மாதத்திலேயே அதில் பெரும்பகுதி கசிந்துவிடுகிறது.

கொங்கு நாட்டுக்கு இது ஏன் முக்கியம் என்றால், சர்க்கரை நோயாளிகளுக்கே மறுஅடைப்பு அதிகம் வருகிறது. தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. எந்த மருந்து பூசினாலும் ஒன்றுதான் என்று இவர்கள் விஷயத்தில் இருந்துவிட முடியாது. இந்தியாவில் 1,830 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான டக்சிடோ ஆய்வில், ஓராண்டுக்குள் பாதிப்பு பாக்லிடாக்செல் ஸ்டென்ட்டில் 5.6 விழுக்காடு, எவரோலிமஸ் ஸ்டென்ட்டில் 2.9. இரண்டின் கம்பியும் ஏறத்தாழ ஒரே தடிமன் என்பதால், வித்தியாசத்துக்குக் காரணம் மருந்தும் அதைத் தாங்கும் பூச்சும்தான் என்று கொள்வதே பொருத்தம்.

விலை ஒரு தடை என்ற வாதம் இருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தபின் அந்த வாதம் பெரிதும் வலுவிழந்தது. கனமான மறுப்பு வேறு: செல் பெருக்கத்தை அடக்கும் மருந்து காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும், மூடாத கம்பிமேல் இரத்தம் உறையலாம். 2006இல் எழுந்த இந்த அச்சம் முதல் தலைமுறை ஸ்டென்ட்டுகளுக்கு நியாயமானதே. மெல்லிய கம்பியும் உடலுக்கு ஒத்துவரும் பூச்சும் வந்தபின் அபாயம் வெகுவாகக் குறைந்தது, ஆனால் தீரவில்லை. அதனால் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் பொதுவாக ஆறு மாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஓராண்டு தொடர வேண்டியிருக்கிறது. கோவையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு உடுமலைக்கோ கோபிக்கோ திரும்புபவருக்கு அங்கே அந்த மாத்திரைகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது.