பட்டறையில் எண்ணும் எழுத்தும்



கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், காங்கயத்தைக் கடந்தபின் வருவது வெள்ளகோவில். எண்ணெய் ஆலைகளுக்கும் விசைத்தறிகளுக்கும் பெயர்போன ஊர். அவ்வூரில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். கணிப்பொறியின் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தின் வரலாற்றைப் பற்றி இன்று பேசப் புகுந்திருக்கிறேன். சுண்ணக்கட்டி பிடித்த கைக்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காரணம் ஒன்று உண்டு. அதை உரிய இடத்தில் சொல்லுவேன்.

கோவையின் தொழில் வரலாறு பஞ்சில் தொடங்கிற்று என்பர். 1888-இல் ஸ்டேன்ஸ் அவர்களின் நூற்பாலை எழுந்தது. ஆயினும் பட்டறைகளைப் பெருக்கியது பஞ்சன்று, மின்சாரமும் கிணறுமே ஆகும். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கவலை கட்டி எருது பூட்டி நீர் இறைத்த கொங்குக் குடியானவன், மின்சாரத்தால் இறைக்கலாம் என்பதைக் கண்டான். பம்பு வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும், இரண்டிற்கும் வார்ப்படம் வேண்டும். பீளமேட்டில் ஜி. டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் முயன்று 1937-இல் மின்மோட்டாரைச் செய்து முடித்தனர். அதற்கு முன்னரே, 1926-இல், பி.எஸ்.ஜி. அறநிலையத்தார் தொழிற்கூடம் ஒன்றை நிறுவியிருந்தனர். அங்கும் பிற இடங்களிலும் கை பழகியவர்கள் சிறிது பணம் சேர்த்து, வீட்டுத் திண்ணையையே பட்டறையாக்கி, ஒரு லேத்தை வாங்கிப் போட்டனர். லேத்துக்கு அடுத்து வாங்கியது மில்லிங் மிஷின்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லேத்தில், பட்டறையில் ஜாப் என்று வழங்கும் வேலைப்பொருள் சுழலும், உளி சுழலாது. மில்லிங்கிலோ பல பற்களையுடைய கட்டர் சுழலும். ஜாப் மேசையோடு சேர்ந்து நகரும். மேசையை இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்தக் கைச்சக்கரங்கள் மூன்று உண்டு. ஒவ்வொரு சக்கரத்திலும் அளவுக் கோடுகள் இருக்கும்.

அந்நாளைய தொழிலாளி வார்ப்படத்தின்மேல் மயில்துத்தக் கரைசலைப் பூசி, செம்பு படிந்த பரப்பில் கோடு கிழித்து, குறிகளில் பொட்டுக் குத்தி, அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கைச்சக்கரத்தைச் சுழற்றினான். திருகுத்தண்டில் சிறிது தளர்ச்சி இருக்கும் என்பதை அவன் அறிவான். ஆதலால், அளவைக் கடந்துவிட்டால் அப்படியே திரும்பாமல், நெடுகப் பின்னே சென்று மறுபடியும் ஒரே திசையிலிருந்து வருவான். இதை அவனுக்கு எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை. மூத்த தொழிலாளியிடம் வசவும் அடியும் வாங்கிக் கற்றான்.

இனி, கைச்சக்கரத்தை எண்ணிடம் ஒப்படைத்த கதைக்கு வருவோம். இது அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டருக்குச் சுழல் இறக்கைகளைச் செய்து கொடுத்துவந்தார். நம் நாயுடு அவர்களைப் போலவே இவரும் கல்லூரிப் பட்டம் பெறாதவர். இறக்கையின் வளைவைச் சரிபார்க்க அச்சுத் தகடுகள் வேண்டியிருந்தன. வளைவின்மேல் சில புள்ளிகள் மட்டும் வரைபடத்தில் கிடைத்தால், இடையிலுள்ளதைக் கைத்திறனால் இட்டு நிரப்புவதே வழக்கம். பார்சன்ஸும் அவருடைய பொறியாளர் பிராங்க் ஸ்டூலனும் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கணக்குப் பொறியைக்கொண்டு, நெருக்கமான ஏராளமான புள்ளிகளின் இடத்தைக் கணித்து எடுத்தனர். அதன்பின் ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைச் சுழற்றி, புள்ளி புள்ளியாக வெட்டினர். ஒருவர் வாய்பாடு சொல்ல வகுப்பே பின்சொல்லும் திண்ணைப் பள்ளிக்கூடந்தான் என் நினைவிற்கு வருகிறது! சக்கரத்தைச் சுழற்றும் அந்த இருவர்க்கும் பதிலாக மோட்டாரை வைத்தால் என்ன என்று எழுந்த கேள்வியே பின்னர் வந்த அனைத்திற்கும் வித்தாயிற்று.

1949-இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பணம் தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இப்பணியில் இறங்கி, 1952-இல் மூன்று திசையிலும் தானே நகரும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. அவற்றைப் படித்து நடத்திய பெட்டிக்குள், பழைய வானொலிப் பெட்டியில் ஒளிர்ந்தவை போன்ற வால்வுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1959-இல் அக்கழகத்தார் இயந்திரத்துக்குக் கட்டளை எழுத உதவும் ஏ.பி.டி. என்னும் மொழியைச் செய்தியாளர்க்கு அறிமுகம் செய்தபோது, அம்மொழியால் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை வந்தவர்க்குப் பரிசாக அளித்தனராம்.

துளையிட்ட அட்டை நமக்குப் புதியதன்று. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் தறிக்கு அமைத்த அட்டைக் கட்டே அதன் மூதாதை. சென்னிமலைப் போர்வையில் பூவேலை செய்யும் நெசவாளி, துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் கண்டிருக்கிறார். ஓர் அட்டை முன்பின்னாக மாறினால் பூவின் இதழ் கோணிப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஜப்பானில் பியூஜித்சு நிறுவனத்தில் இனாபா என்பவர் 1956 முதல் இத்துறையில் உழைத்தார். அப்பிரிவே 1972-இல் பானக் என்னும் தனி நிறுவனமாயிற்று. சிறு கணிப்பொறிச் சில்லுகள் வந்ததும் நாடா மறைந்தது, விலை இறங்கியது. கோவையில் 1962-இல் நூற்பு இயந்திரம் செய்யத் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1980-களின் இறுதியில் ஜப்பானின் மோரி செய்க்கி நிறுவனத்தாரின் துணையோடு சி.என்.சி. இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. அதன்பின் சிறு பட்டறைக்காரரும் வங்கிக் கடன் பெற்று இவ்வகை இயந்திரத்தை வாங்கலாயினர். நிமிர்ந்த சுழல்தண்டு உடைய மில்லிங் வகையைக் கோவையில் வி.எம்.சி. என்றே அழைப்பர்.

இயந்திரம் வந்துவிட்டது; இனிக் கைத்திறன் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்று பலர் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன். அது பிழை. திறமை ஒழியவில்லை, கைச்சக்கரத்தை விட்டு அளவைக்கும் எழுத்துக்கும் இடம்பெயர்ந்தது.

வானொலியில் கரும்பலகை இல்லை. ஆகையால் நீங்கள் அமர்ந்திருக்கும் அறையின் மூலையொன்றைத் தரைமட்டத்தில் பாருங்கள். அங்கே மூன்று விளிம்புகள் கூடுகின்றன. அவற்றை எக்ஸ், ஒய், இசட் என்க. மூலையிலிருந்து எத்தனை அடி வலம், எத்தனை அடி முன், எத்தனை அடி மேல் என்று மூன்று எண்களைச் சொன்னால், அறையில் எந்த இடத்தையும் குறித்துவிடலாம். அந்த மூலையே ஆதிப்புள்ளி. இயந்திரத்திற்கென்று சொந்தமாக ஓர் ஆதிப்புள்ளி உண்டு. ஆனால் ஜாப்பின் ஆதிப்புள்ளி அதைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் ஊர் முன்பு கோவை மாவட்டத்தில் இருந்தது. 1979-இல் பெரியார் மாவட்டத்துக்குப் போயிற்று. அது ஈரோடு மாவட்டமானது. 2009 முதல் நாங்கள் திருப்பூர் மாவட்டத்தார். ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. எங்கிருந்து அளப்பது என்பதே மாறிற்று. பட்டறையில் செட்டர் எனப்படும் தொழிலாளி நாள்தோறும் செய்வதும் இந்த வேலைதான்.

அவர் முதலில் வைஸின் தாடையில் டயலை ஓட்டி, அது மேசைக்கு இணையாக உள்ளதா என்று பார்க்கிறார். நூறு மில்லிமீட்டரில் இரண்டு நூற்றிலொரு பங்கு கோணினாலும் சில வேலைகளுக்கு ஆகாது. பின்பு 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைத்தண்டை ஜாப்பின் பக்கத்தில் தொடவைக்கிறார். தொட்ட நிலையில் தண்டின் நடுமையம் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அந்த ஐந்தைக் கூட்டுவதா கழிப்பதா? கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தால் வேலை முழுவதும் 10 மில்லிமீட்டர் நகர்ந்து விழும். அடுத்து, கட்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். அந்நீளங்களைத் தனித்தனியே அளந்து இயந்திரத்துக்குச் சொல்லவேண்டும். இரண்டாம் கட்டரின் அளவு இருக்கவேண்டிய இடத்தில் மூன்றாவதன் அளவு அமைந்துவிட்டால், கட்டர் அந்தரத்தில் வெட்டும். அல்லது ஜாப்பையும் கடந்து வைஸுக்குள் இறங்கிவிடும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 10 மில்லிமீட்டர் கட்டரின் பல் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டவேண்டுமாயின், 25,000-ஐ 31.4 ஆல் வகுக்க, ஏறத்தாழ 796 சுற்று வரும். இது எட்டாம் வகுப்பு வட்டக் கணக்கே. கணக்கு சரியாயினும் வார்ப்படம் சரியாக இருக்கவேண்டுமே! பம்பு உறை ஒன்றைப்போல் மற்றொன்று இராது. மணல் அச்சு சற்றே அசைந்திருந்தால் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. மேல்தோல் கடினமாயிருந்தால் கட்டரின் பல் மழுங்கும். துளையின் மையம் அரை மில்லிமீட்டர் விலகினால் பம்பு அதிரும், பேரிங் தேயும். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய பம்பை மீண்டும் மேலே தூக்கும் செலவு குடியானவன் தலையில் விழும்.

வெயிலும் தன் பங்கைச் செய்யும். எஃகு, மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 12 மைக்ரான் நீளும். 300 மில்லிமீட்டர் துண்டு, காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் பத்துப் பாகை சூடேறினால் 36 மைக்ரான் வேறுபடும். மின்வெட்டோ அதனினும் கொடிது. 2012-இல் கோவைப் பகுதியில் நாளின் பெரும்பகுதி மின்சாரமின்றிக் கழிந்த காலம் பலர்க்கும் நினைவிருக்கும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் கட்டர் ஜாப்பில் சிக்கி நிற்கும். பழைய வகை இயந்திரமாயின் தானிருக்கும் இடத்தையே மறந்துவிடும். மின்சாரம் வந்தபின் கட்டரை மெல்ல விடுவித்து, அதன் சொந்த ஆதிப்புள்ளிக்குக் கொண்டுபோய்த் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இனி என் காரணத்தைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். தொழிற்பயிற்சி முடித்துக் கோவையில் ஒரு பட்டறையில் செட்டராக இருந்தவன். முகம் வாடியிருந்தது. இயந்திரம் மோதிச் சுழல்தண்டின் பேரிங் கெட்டுவிட்டதென்றும், முதலாளி வேலைக்கு வரவேண்டாமெனச் சொல்லிவிட்டார் என்றும் கூறினான். சட்டைப் பையிலிருந்து புரோகிராம் எழுதிய தாளை எடுத்து நீட்டினான்.

"ஐயா, புள்ளி ஒண்ணுதானுங்க விட்டுப்போச்சு" என்றான்.

அவன் விளக்கியதாவது: ஒரு துளை முடிந்ததும் கட்டர் 50 மில்லிமீட்டர் மேலெழ வேண்டும். அதற்கு இசட் 50 என எழுதி, அதன்பின் ஒரு புள்ளி இடவேண்டும். அவனுடைய இயந்திரம், புள்ளி இல்லாத எண்ணை மில்லிமீட்டராகக் கொள்ளாது, மைக்ரானாகக் கொள்ளும். ஆகவே கட்டர் 50 மைக்ரான், அதாவது மயிரிழையளவே, எழுந்தது. அடுத்த வரி ஜி 00. வெட்டாமல் விரைந்து செல் என்பது அதன் பொருள். கட்டர் முழுவேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தது. வழியில் ஜாப்பை இறுக்கியிருந்த கிளாம்ப் நின்றது.

எனக்கு அவனுடைய ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் நினைவிற்கு வந்தன. தசமப் புள்ளியை இடம் மாற்றியோ விட்டுவிட்டோ எழுதும் பிள்ளைகளுக்கு, "வழிமுறை சரி, கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் எழுதி, அரை மதிப்பெண் மட்டும் குறைப்பது என் வழக்கம். அது கருணை என்று நினைத்திருந்தேன். அன்று அவனிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயினும் குற்றம் முழுவதையும் அவன்மேலோ என்மேலோ சுமத்த நான் உடன்படேன். வேறொருவர் எழுதிய புரோகிராமை இரவு முறை முடியும் நேரத்தில் அவசரமாகத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். கட்டரை அந்தரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனை ஓட்டத்தைத் தவிர்த்திருக்கிறார்கள். பிழை செய்யாத மனிதனை எதிர்பார்த்து வேலை வாங்கும் இடத்தில் பிழை நேர்ந்தால், அதைச் செய்தவனை மட்டும் வெளியேற்றுவது நியாயமாகாது. கைச்சக்கரக் காலத்தில் தவறு நேரும்போது கை உணர்ந்து நின்றுவிடும். எண்ணுக்கு அந்த உணர்ச்சி இல்லை.

அவன் இப்பொழுது கணபதிப் பக்கத்தில் வேறொரு பட்டறையில் இருக்கிறான். சென்ற தைமாதம் அவன் அழைக்கப் போயிருந்தேன். புதிய வார்ப்படத்தை மாட்டி, டயலை ஓட்டி, கட்டருக்கும் ஜாப்புக்கும் இடையே ஒரு மெல்லிய தாளை வைத்து, தாள் இழுபடும் அளவுக்குக் கட்டரை இறக்கினான். தாளின் கனத்தைக் கணக்கில் சேர்த்தான். அதன்பின் புரோகிராமை வரிவரியாக வாய்விட்டுப் படித்தான். ஒவ்வொரு எண்ணின் இறுதியிலும் "புள்ளி" என்றான். முதல் ஓட்டத்தை ஜாப்புக்கு மேலே அந்தரத்தில் நடத்தினான். வலக்கை, வேகத்தைக் குறைக்கும் குமிழை விட்டு அகலவில்லை.

மூலையில் வயதான டர்னர் ஒருவர் பழைய லேத்தில் வேலையாயிருந்தார். திரையிலுள்ள எழுத்துகளை அவர் படிக்க அறியார். வெட்டு தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் தலைநிமிர்ந்து, "தம்பி, பல்லு மழுங்கிப்போச்சு, சத்தத்தைக் கேளு" என்றார். அவன் இயந்திரத்தை நிறுத்தினான். கட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். நான்கு பற்களில் ஒன்றின் முனை சிதைந்திருந்தது. வேறு கட்டரை மாட்டி, அதன் நீளத்தை அளக்க மறுபடியும் தாளை எடுத்தான்.